மச்சாளுக்குச் செவ்வந்தி

1

இந்த நாட்டில் செவ்வந்தி யாருக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவது உங்களுக்கு விளங்காது.

பாரிசுக்கு வடக்கே ஒரு சிறிய பூக்கடையில் வேலை செய்கிறேன். நவம்பர் முதலாம் திகதி பிரெஞ்சுக்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்குப் போவார்கள். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே எங்கள் கடை வாசலில் செவ்வந்தித் தொட்டிகள் வந்து இறங்கிவிடும். மஞ்சள், வெள்ளை, செங்கல் நிறம். வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கும் ஆயுத பூசை இருக்கிறதாக்கும் என்று சந்தோசப்பட்டேன்.

அப்போது பூக்கடையில் வேலை இல்லை. மதாம் லூசியென் என்ற வயதான அம்மாவின் வீட்டைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். அவளுடைய பிறந்தநாள் வந்தது. நல்ல பூவாகக் கொடுப்போம் என்று பெரிய மஞ்சள் செவ்வந்தித் தொட்டி ஒன்றை வாங்கி, ரிப்பன் கட்டி, இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “இன்னும் இல்லை, மதாம். இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது” என்றாள். பிறகு இருமல் வரும்வரை சிரித்தாள். செவ்வந்தி இங்கே செத்தவர்களுக்கு வைக்கும் பூ என்றும், உயிரோடு இருப்பவருக்குக் கொடுத்தால் சாபம் போடுவதற்குச் சமம் என்றும் அவள்தான் சொல்லித் தந்தாள். சொல்லிவிட்டுத் தொட்டியைத் தன் குசினி யன்னலில் வைத்துக்கொண்டாள். நல்ல மனுசி.

நான் அப்படி இல்லை. இதை வாசித்து முடித்த பிறகு கண்டியிலோ தெல்தோட்டையிலோ யாரும் என்னை நல்லவள் என்று சொல்லப்போவதில்லை. சொல்லவும் வேண்டாம்.

2

போன கார்த்திகையில் என் கணவரின் அக்கா, கௌரி மச்சாள், கண்டியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் இறங்கினாள். அவளுடைய மகன் ஆரூரன் இங்கே படிக்க வந்து இரண்டு வருசம்தான் ஆகிறது. அதற்குள் மத்தில்ட் என்ற பிரெஞ்சுப் பெண்ணைக் கட்டுவதென்று முடிவாகிவிட்டது. நகரசபையில் ஒரு பதிவு, பிறகு டிசம்பர் குளிரில் ஒரு மண்டபத்தில் எங்கள் முறைப்படி தாலிகட்டு. எங்கள் முறைக்கு உரியதெல்லாம் மாமியாரின் பொறுப்பு என்று அந்தப் பெண் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டாள். ஆரூரனைக் கேட்டால், “மாமி, அம்மா சொல்லுறதைச் செய்யுங்கோ, எனக்குத் தலையிடி” என்றான்.

மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டி கட்டுக்கலையில் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். முப்பது வருசம் ஆசிரியை. யாரைக் கண்டாலும் வகுப்பு எடுப்பாள். வந்த இரண்டாம் நாளே என் அலுமாரியைத் திறந்து சேலைகளை நிறவாரியாக அடுக்கிவிட்டாள். தம்பிக்குப் பிடிக்கும் என்று கண்டியிலிருந்து கருவாடு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வீடே மணத்தது. எனக்கும் ஒரு சேலை கொண்டுவந்தாள், அதை மறைக்கமாட்டேன். நல்ல சேலைதான்.

பூத் தெரிவு செய்ய ஒரு காலை அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். குளிர்காலத்துக் கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. வெளியே மரமெல்லாம் மொட்டையாக நிற்க, உள்ளே ஊசியிலைக் கொப்புகளும் சிவப்புக் காய் தொங்கும் குச்சிகளும் குவிந்திருக்கும். நுனி இலை மட்டும் சிவக்கும் அந்தச் செடி, நம் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீடுகளின் ஓரம் ஆள் உயரத்துக்கு யாரும் கவனிக்காமல் வளருமே, அதை இங்கே சின்னத் தொட்டியில் வைத்து, மினுக்கல் தூள் தூவி, டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு விற்போம். முதல் தடவை பார்த்தபோது உன்னையுமா பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்று கேட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று காலை நான் ஒழுங்காகத்தான் தொடங்கினேன். வெள்ளை அமரில்லிசைக் காட்டினேன். நீண்ட தண்டில் நாலு பெரிய பூ விரியும், குளிர்காலக் கல்யாணத்துக்கு அதைவிட அழகு வேறு இல்லை.

“உதென்ன, வெங்காயத்தில முளைச்ச பூ?” என்றாள் மச்சாள்.

நத்தார் ரோசா என்று சொல்லும் குனிந்த வெள்ளைப் பூவைக் காட்டினேன். “முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்குது.” ஊசியிலைக் கொப்பை மணந்துவிட்டு, “புது மர அலுமாரி மணம்” என்றாள். சிவப்பு ரோசா முட்கள் நிறைந்தது, ஓர்கிட் சாமிக்கு வைக்கிறதில்லை. கடைசியில் மூலையில் வாளிக்குள் நின்ற செவ்வந்தியைக் கண்டாள். பெரிய பந்துத் தலையுள்ள, கல்லறைக்கென்றே வளர்க்கிற சாதி. கண் விரிந்துவிட்டது.

“இதைத்தானே முதல் காட்டியிருக்க வேணும். மஞ்சளும் வெள்ளையும். செவ்வந்தி இல்லாத கலியாணமும் ஒரு கலியாணமோ?”

நான் வாயைத் திறந்தேன். “மச்சாள், இந்தப் பூவு இந்த ஊருல...” என்று அரைவாசி சொல்லியும் விட்டேன்.

“உனக்கு உதெல்லாம் தெரியாது, பார்வதி. நான் சொல்லுறதைச் செய்.”

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்த வாக்கியத்தை அவள் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அந்த மண்டபத்தில் அமரில்லிஸ் பூத்திருக்கும். “சரிங்க மச்சாள்” என்றேன். எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். மண்டபம் முழுக்க என்றாள்.

கடை முதலாளி ஒடில் கேட்டாள், இவ்வளவு செவ்வந்தியா, பெரிய சாவா என்று. ஒரு விதத்தில் ஆம் என்றேன். அவள் அனுதாபம் தெரிவித்து விலையிலும் குறைத்தாள்.

3

இனி என் கல்யாணத்துக்கு வருகிறேன்.

நானும் இவரும் கண்டியில் ஒரே புத்தகக் கடையில் வேலை செய்தோம். நான் தெல்தோட்டையில் தோட்டத்து லயத்துப் பிள்ளை. இவர் கட்டுக்கலைப் பிள்ளை. இது நடக்காது என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள், நடந்தது. கண்டியில் ஒரு கோவிலில் தாலிகட்டு. மல்லிகைச் சரத்துக்கு எங்கள் அப்பா முன்பே சொல்லி வைத்திருந்தார். முதல் நாள் அடித்த மழையில் பாதை சரிந்து மல்லிகை வரவில்லை.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? விடியும் முன் தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் நின்ற அரலியா மரத்தில் பூப் பறித்தார். ஈழத்தலரி என்றும் சொல்வார்கள், ஐந்து வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். கண்டியில் புத்தரின் பல் இருக்கும் மாளிகாவைக்குச் சிங்களவர் தட்டில் வைத்து ஏந்திப் போகிற அதே பூ. அவர் கணக்கில் அது சாமிப் பூ. வாழை இலையில் சுற்றி, பஸ்ஸில் நெரிபடாமல் மடியில் வைத்துக்கொண்டு கண்டிக்கு வந்தார். “இந்தா பாப்பா, சாமிக்கு வைக்கிற பூதானே, இது போதும்” என்றார். அம்மா அதை என் கொண்டையைச் சுற்றிக் குத்திவிட்டாள். எனக்குப் பிடித்திருந்தது. கண்ணாடியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

மணவறைக்குப் போகும் வழியில் மச்சாள் நிறுத்தினாள். அவர்கள் வழக்கத்தில் அரலியா சுடலையில் நிற்கிற மரம். அதுகூடப் பிழையில்லை, வழக்கம் வேறு வேறுதான். காதோடு சொல்லியிருக்கலாம். அவள் சபைக்கெல்லாம் கேட்கும்படி, வகுப்பு எடுக்கிற குரலில் சொன்னாள்.

“செத்த வீட்டுப் பூவையோ தலையில வச்சுக்கொண்டு வந்திருக்கிறாய்? தோட்டத்துச் சனத்துக்கு உதெல்லாம் எங்க தெரியப்போகுது.”

சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போட்டாள். கொண்டை ஊசியோடு மயிரும் வந்தது. இவர் தன் வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கும் கேட்டால், “அக்காவின்ர குணம் உனக்குத் தெரியும்தானே” என்பார். தெரியும், நன்றாகத் தெரியும்.

எங்கள் அப்பா குனிந்து அந்தப் பூக்களைப் பொறுக்கினார். காலடியில் மிதிபடக் கூடாதல்லவா, சாமிப் பூ. பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. “பரவால்ல பாப்பா, நீ போ” என்றார். அதன் பிறகு அவர் அந்த மரத்தில் கோவிலுக்குக்கூடப் பூப் பறித்ததில்லை என்று அம்மா பிறகு சொன்னாள்.

நாங்கள் இங்கே வந்த பிறகு அப்பா செத்தார். அப்போது எனக்கு வதிவிட அட்டை கிடைத்திருக்கவில்லை. வெளியே போனால் திரும்பி வர முடியாது என்றார்கள். எல்லாவற்றையும் தொலைபேசியில் கேட்டு அழுதேன். அன்றிலிருந்து மச்சாள் பேசிய அந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரு எழுத்துப் பிசகாமல் வைத்திருக்கிறேன். மறந்துவிடு என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் அந்தச் சபையில் வாய் திறக்காமல் இருந்தவர்கள்.

4

நகரசபைக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். ஆரூரனின் பிறப்புச் சான்றிதழ் பழையது, புதிதாக எடுத்தது வேண்டும் என்றாள் அங்கிருந்த பெண்.

“பிறந்தது ஒருக்காத்தானே? பிறப்புக்கும் பழசு புதுசு இருக்கோ?” என்று மச்சாள் கேட்டாள். இந்த ஒரு விசயத்தில் நான் அவள் பக்கம். இந்த நாட்டு அரசாங்கக் கந்தோர்களில் நீங்கள் பிறந்ததுகூட சில மாதங்களில் காலாவதியாகும். கண்டியில் சொந்தக்காரரைப் பிடித்துக் கச்சேரிக் கந்தோருக்கு அனுப்பி, முத்திரை குத்தி, இங்கே மொழிபெயர்த்து, திரும்பக் கொண்டுபோய் நின்றோம். அந்தப் பெண் “கண்டி” என்ற ஊர்ப்பெயரை இனிப்புச் சாமான் மாதிரி ‘கேண்டி’ என்று உச்சரித்தாள். மச்சாள் திருத்தினாள். அவள் மீண்டும் அப்படியே சொன்னாள். மூன்றாம் தடவையோடு மச்சாள் களைத்துப்போனதைப் பார்க்க எனக்கு இதமாக இருந்தது.

அங்கேதான் மச்சாளுக்கு என்மேல் சந்தேகம் வந்தது. வெளியே வந்து கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்: “அவ இவ்வளவு நேரம் கதைச்சா. நீ ரெண்டு சொல்லில முடிச்சுப்போட்டாய். உன்ர பிரெஞ்சு எனக்கு நம்பிக்கையில்லை. கலியாணத்தண்டு நான் பிள்ளையைக் கேக்கிறன்.”

பிள்ளை என்றது என் மகள் இனியாவை.

5

இனியாவுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். சாப்பாடு போடவா என்றால் ஆமாம் என்பதற்கு “வி” என்பாள், ஏன் பிந்தினாய் என்றால் தோளைக் குலுக்குவாள். தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினோம், பத்து வயதில் நிறுத்திவிட்டாள். ‘த்த’ என்று அழுத்திச் சொல்ல அவளுக்கு நாக்கு வளையாது. ‘அத்தான்’ என்பது ‘அதான்’ என்று வரும். கொஞ்சம் கொஞ்சமாக நான் அவளோடு பேசுவது குறைந்து, எங்கள் இருவருக்கும் இடையில் பேச்சு என்பது குசினியில் பீங்கான் வைக்கிற சத்தம் அளவுக்கு வந்துவிட்டது.

ஒரு பின்னேரம் அவள் என் கைபேசியில் கடை ஓடரின் படங்களைப் பார்த்துவிட்டாள்.

“அம்மா, இது கிறிசான்தேம். கல்லறைக்கு. மாமிக்குத் தெரியுமா?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“தெரியாது.”

“நீ சொல்லலையா?”

“இல்ல.”

கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளாக என் முன்னால் உட்கார்ந்து எவ்வளவு காலம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. “ஏன்?” என்றாள். தமிழில்.

சொன்னேன். மழை, பாதை சரிந்தது, வாழை இலை, சட்டைப் பை, எல்லாம். அவள் தாத்தாவைப் படத்தில் மட்டும் பார்த்தவள். ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

“செத... வீடு? வீடு எப்படிச் சாகும்?”

“வீட்டுல ஒரு ஆளு செத்தா, அந்த வீடு செத்த வீடு. நாங்க அப்படித்தான் சொல்லுவோம்.”

“செத வீட்டுப் பூ.”

“செத்த. ரெண்டு த்து இருக்கு. அழுத்திச் சொல்லு.”

அவள் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். நான் திருத்தினேன். பத்துத் தடவையாவது இருக்கும். என் வீட்டில் தமிழ்ப் பாடம் திரும்பத் தொடங்கியது இப்படித்தான், நல்ல வாக்கியம் ஒன்றைக் கொண்டு இல்லை. கடைசியில் அவள் எழும்பி, “மத்தில்ட் பாவம்” என்றாள்.

அந்தப் பெண்ணோடு எனக்கு என்ன பகை? அவளுக்கும் ஆரூரனுக்கும் மாலையை நான் வெள்ளை ரோசாவில் கட்டினேன், முள் ஒவ்வொன்றாக எடுத்து. கையில் பிடிக்க அமரில்லிஸ். மண்டபம்தான் மச்சாளின் விருப்பம். விருப்பப்படியே செய்கிறேன் என்று இனியாவிடம் சொன்னேன். அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள், ஆனால் அப்பாவிடமோ மாமியிடமோ ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முதல் கிழமை பூச்சந்தைக்குப் போனபோது எனக்கென்று ஒன்று சொல்லி வைத்தேன். தாஹிட்டித் தீவுக்காரர்களின் விழாக்களுக்காக ஒரு வியாபாரி விமானத்தில் அரலியா எடுப்பிப்பார். இங்கே அதற்கு வேறு பெயர். ஒரு சின்னப் பெட்டி போதும் என்றேன்.

6

பழிவாங்குவதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். அந்த மண்டபத்தை அலங்கரித்த மாதிரி நான் இதுவரை எதையும் அலங்கரித்ததில்லை. வாசலில் இரண்டு பக்கமும் மஞ்சள் தூண், மணவறையைச் சுற்றி வெள்ளை, நடுவழியில் தொட்டி தொட்டியாக. எங்கள் சனம் வந்து நின்று, “சா, ஊர்க் கலியாணம் மாதிரி இருக்கு” என்றது. மச்சாள் பச்சைப் பட்டில் நடுவில் நின்று ஒவ்வொரு தூணையும் பார்த்து மகிழ்ந்தாள். என் பக்கம் திரும்பி, “பார்த்தியோ, நான் சொன்னதைச் செய்ததாலதான் இவ்வளவு வடிவு” என்றாள்.

என் கொண்டையில் நாலு அரலியா. அவள் பார்க்கவில்லை.

மத்தில்ட் கூறைச்சேலையில் வந்தாள். வாசலில் ஒரு கணம் நின்றாள். என்னைப் பார்த்தாள். “எங்கள் ஊரில் இது மங்களமான பூ” என்று அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னேன். பொய் இல்லையே. அவள் தலையாட்டி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். நல்ல பெண். மச்சாளுக்கு இவ்வளவு நல்ல மருமகள் வரவேண்டிய அவசியமே இல்லை.

பிறகு பெண் வீட்டார் வந்தார்கள். கோட்டும் தொப்பியுமாக, சிரித்துக்கொண்டு. வாசலைத் தாண்டியதும் அந்தச் சிரிப்பு ஒவ்வொரு முகமாக நின்றது. ஒருவர் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். ஒரு பையனைத் தாய் தொட்டியிலிருந்து கையை எடுக்கச் சொன்னாள். கடைசியாகப் பெண்ணின் தகப்பனுக்கு மூத்த அக்கா வந்தாள், கிராமத்து மனுசி, கைத்தடியோடு. தூண்களைப் பார்த்தாள், நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். கண்டியில் என் மச்சாளுக்கு இருந்த அதே குரல் அவளுக்கும் இருந்தது.

“கடவுளே, இங்கே யாரை அடக்கம் செய்கிறார்கள்?”

பிரெஞ்சு விளங்கியவர்கள் எல்லாரும் தூண்களைத் திரும்பிப் பார்த்தார்கள். விளங்காத மச்சாள், இரண்டு கையையும் கூப்பி, “மெர்சி, மெர்சி” என்றாள். அந்த ஒரு சொல்தான் அவள் இந்த நாட்டில் கற்றது. யாரும் திருப்பிச் சிரிக்கவில்லை. அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஆசிரியை அல்லவா, வகுப்பில் ஏதோ பிழை என்று பிடிபட்டுவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைக் கேட்கவில்லை.

“பிள்ளை, இஞ்ச வா. அவ என்ன சொல்லுறா?”

இனியா வந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் லேசாகத் தலையை ஆட்டியிருந்தால் போதும், ‘வடிவா இருக்காம்’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். அவளைக் கேடயமாக முன்னால் நிறுத்துகிறாயே என்று மனம் சொன்னது. மனம் சொன்னதை எல்லாம் நான் செய்வதாக இருந்தால் மண்டபத்தில் வேறு பூ இருந்திருக்கும். தூணில் ஒரு தண்டு சாய்ந்திருந்தது, அதை நிமிர்த்தினேன்.

“செத்த வீட்டுப் பூவாம், மாமி.”

இரண்டு த்-உம் சுத்தமாக விழுந்தன. எங்கள் தெல்தோட்டைக் குரல், எங்கள் அப்பாவின் குரல்கூட அதில் கொஞ்சம் இருந்தது. பதினாறு வருசத்தில் என் மகள் இவ்வளவு தெளிவாக ஒரு தமிழ் வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

மச்சாள் முதலில் இனியாவைத்தான் பார்த்தாள். “என்ன?” என்று கேட்க வாய் போனது. பாதியில் நின்றது. அந்த வாக்கியம் அவளுக்குத் தெரிந்த வாக்கியம். எங்கே கேட்டோம் என்று தேடுவது முகத்தில் தெரிந்தது. யாரிடமும் கேட்டதில்லை, தானே சொன்னது என்பது பிடிபட்டபோது மெதுவாக என் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை. என் கொண்டையைப் பார்த்தாள்.

இவர் சற்றுத் தள்ளி நின்று தன் வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சாளின் வலது கை தானாக எழும்பியது. நெஞ்சு உயரத்துக்கு வந்து அங்கேயே நின்றது. அவள் வயது போய்க் குள்ளமாகிவிட்டாள், நான் குதி உயர்ந்த செருப்புப் போட்டிருந்தேன். எட்டாது.

எட்டட்டும் என்று தலையைக் குனிந்து கொடுத்தேன்.

“பிடுங்குங்க மச்சாள்” என்றேன்.